வாசலில் சிந்திய ஆயில்

அக்கா என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "உங்க கருவேப்பிலைச் செடிய நாந்தான் ஒடச்சேன்" என்பது.

நாங்கள் வங்காளத்தில் இந்தப் பெஹாலாவுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. டைமண்ட் ஹார்பர் ரோட்டில் மெட்ரோவுக்கான தூண்கள் மட்டும் நின்றுகொண்டிருந்த காலம் அது. கும்பகோணத்திலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடியை மாடிப்படித் திருப்பத்தில் வெளிச்சத்துக்காக வைத்திருந்தேன். காலையில் அழைப்பு மணி கேட்டுக் கதவைத் திறந்தால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, ஒரு கையில் முறிந்த கிளையும் மறு கையில் தொட்டியின் உடைந்த விளிம்புமாக நிற்கிறார். தமிழ்க் குரல் கேட்ட சந்தோஷத்தில், அவர் என்ன சொன்னார் என்பதே எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"நேத்து அலமாரி தூக்கிட்டு ஏறும்போது இடிச்சிட்டேன். அப்பவே வந்தேன், உங்க வீடு பூட்டியிருந்துச்சு."

"பரவால்லங்க. நான் பூனை தள்ளிருச்சுன்னு நெனச்சுட்டு இருந்திருப்பேன்."

"அந்தப் பூனை பாவம்லா" என்றார் அவர். சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே புதுத் தொட்டியும் மண்ணும் வாங்கிவந்து வேரை நட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் எங்களுக்கு மேல் மாடி. தனியாக இருந்தார். வங்காளிகள் அவரைத் திதி என்றார்கள், நான் அக்கா என்றேன். திருநெல்வேலிக் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் கரக்பூர். அதனால் ஊரைப் பார்க்காத ஒரு திருநெல்வேலித் தமிழும், மீன்காரனே மரியாதை கொடுக்கும்படியான வங்காளமும் அவரிடம் இருந்தன. மாற்றலாகி அவர் இங்கிருந்து போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் இந்தக் கட்டிடத்தில் எதையாவது யாராவது உடைத்துவிட்டால், எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும் அவர் ஞாபகம்தான் வரும்.

தவறு செய்தால் சொல்லிவிடுவார். அதுதான் அவர். கேட்பதற்கு இது பெரிய குணமாகத் தெரியாது. நாமெல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கூட இருந்து பார்த்தால்தான் நாம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நழுவுகிறோம் என்பது புரியும். அக்கா நழுவமாட்டார். அதே சமயம், மன்னிப்புக் கேட்டுக் கண்ணைக் கசக்கி, எதிரில் இருப்பவரைத் தனக்கு ஆறுதல் சொல்லவைக்கவும் மாட்டார். "இத நான் செஞ்சேன்" என்பார், அடுத்த வேலையைப் பார்ப்பார்.

கார்டன் ரீச் பக்கம் ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. என் கணவரும் அங்கேதான், வேறு பிரிவில். ஒரு வருடம் ஓய்வுபெற்றவர்களுக்கான கூட்டத்தின் அழைப்பில் வெள்ளிக்கிழமைக்குப் பதிலாக வியாழக்கிழமையின் தேதி அச்சாகிப் போய்விட்டது. அடித்தவர், சரிபார்த்தவர், கையெழுத்துப் போட்டவர் என்று பல கைகள் பட்ட காகிதம். ஆளாளுக்கு அடுத்தவரைக் காட்டினார்கள். சரிபார்த்தவர்களில் அக்காவும் ஒருவர். வியாழக்கிழமை காலை அவர் அலுவலக வாசலில் போய் நின்றுகொண்டார். வந்த ஒவ்வொரு முதியவரிடமும், "தேதிய நான் சரியா பாக்கல. கூட்டம் நாளைக்குத்தான்" என்று சொன்னாராம். ஒருவர் குடையால் தரையைத் தட்டித் தட்டித் திட்டியிருக்கிறார். ஸ்ரீராம்பூரிலிருந்து தனியாக வந்த ஓர் அம்மாவைத் தன் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுநாளும் போய் அழைத்துவந்தார்.

இதை என்னிடம் சொன்ன என் கணவர் கடைசியில், "நல்லவங்கதான். ஆனா அவங்க பக்கத்துல நின்னா நமக்கு வேர்க்குது" என்றார்.

அது உண்மை. கட்டிடத்திலும் அப்படித்தான். தண்ணீர்த் தொட்டி வழிந்தால் முன்பெல்லாம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்களாம். அக்கா வந்தபிறகு அந்த வசதி போய்விட்டது. அவர் யாரையும் கேட்கமாட்டார். "நேத்து மோட்டார் போட்டது நான் இல்ல. போன வாரம் வழிஞ்சது நான்" என்று தன் கணக்கை மட்டும் சொல்வார். மற்றவர்கள் தரையைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் எல்லோருக்கும் அவர் மேல் மரியாதை இருந்தது, விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைவு.

ஒரு மழைக்காலத்தில் ஜேட்டு விழுந்தார்.

ஜேட்டு முதல் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஜேட்டு என்றால் பெரியப்பா. கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் ஜேட்டு, அவர் மனைவி ஜேட்டிமா. தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்துபோய், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிவருவதுதான் அவருடைய நாளின் முக்கியமான காரியம். அன்று மழை விட்டிருந்தது. வாசல் கேட்டுக்கு அருகே தேங்கிய தண்ணீரில் ஆயில் வானவில் நிறத்தில் மிதந்ததை அவர் கவனிக்கவில்லை. வழுக்கி விழுந்ததில் தொடையெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். இனி பழையபடி நடப்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

எங்கள் முற்றத்தில் ஐந்து கார்கள் நிற்கும். அக்காவைத் தவிர மற்ற நாலு பேரும் தங்களுடையது இல்லை என்றார்கள். ஜேட்டுவின் மகன் ரானா சால்ட் லேக்கில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன், முப்பத்தைந்து வயதிருக்கும். அவன்தான் அதிகமாகக் கத்தினான். "எந்த வண்டின்னு தெரியட்டும், அதை இந்த கேட்டுக்குள்ளயே விடமாட்டேன்" என்று முற்றத்தில் நின்று நாலு மாடிக்கும் கேட்கும்படி சொன்னான். அப்பாவை அந்த நிலையில் பார்த்த பையன், கத்தாமல் என்ன செய்வான் என்று நானும் நினைத்தேன்.

அக்கா தன் காருக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்துவைத்தார். மறுநாள் காலை அதில் கறுப்பாக ஏழெட்டுச் சொட்டு. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு நேராக முதல் மாடிக்குப் போனார். நான் மாவு அரைத்து விற்கிறவள். ஜேட்டிமாவுக்குத் தோசை மாவு கொடுக்க அங்கே போயிருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"என் வண்டிலேருந்து ஒழுகுது. எனக்குத் தெரியாம இருந்திருக்கு. நான் பாத்திருக்கணும்" என்றார் வங்காளத்தில்.

ரானா அவரைப் பேசாத பேச்செல்லாம் பேசினான். அக்கா அட்டையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். ஜேட்டிமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜேட்டுதான் பேசினார். பவானிபூரில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு வாரம் மூன்று முறை போகவேண்டியிருந்தது. ரானா காலையிலேயே வேலைக்குப் போய்விடுவான். "நான் கூட்டிட்டுப் போறேன், லீவு இருக்கு" என்று அக்கா சொன்னபோது ரானா முடியாது என்றான். ஜேட்டு படுக்கையிலிருந்தே, "விழவைத்தவள் தூக்கிக்கொண்டு போகட்டுமே, வேறு யார் போவார்கள்?" என்றார். காவல்காரனும் இன்னொருவரும் நாற்காலியோடு அவரைக் கீழே இறக்குவார்கள். அக்கா ஓட்டுவார். ஜேட்டிமா பின்சீட்டில் உட்கார்ந்து, பவானிபூர் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போவார்.

வண்டியின் ஒழுக்கை முதலில் ரோட்டோர மெக்கானிக் ஒருவரிடம்தான் காட்டினார். ஆயில் சேம்பர், அதாவது என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிற தகரப் பெட்டி, அதன் ஓரத்தில் கசிகிறது என்று சொல்லி, அவர் வெளியே ஏதோ பசையைத் தடவி அனுப்பினார். மூன்றாம் நாள் மறுபடியும் சொட்டியது. இன்னொரு பட்டறையில் வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பிசியோதெரபிக்கு வண்டி வேண்டும். அக்கா ஃபோனில் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். சில நாள் கழித்து, வெல்டிங் கடையில் சொல்லிச் செய்த இரண்டு இரும்புச் சரிவுகளும் ஒரு ஸ்பானர் செட்டும் முற்றத்துக்கு வந்து இறங்கின.

"அக்கா, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. பாத்துக்கிடுவோம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரங்களைச் சரிவில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, சல்வாரின் மேல் என் கணவருடைய பழைய சட்டை ஒன்றை என்னிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு அடியில் போனார். நான் வெளியே குத்தவைத்து டார்ச் பிடித்தேன். ஆயிலை ஒரு தாம்பாளத்தில் இறக்கினார். சுற்றிலும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியை இறக்கினார். கசியாமலிருக்க விளிம்பில் வைத்து, ஒட்டிக் காய்ந்துபோயிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுக்கத்தான் அதிக நேரம் ஆயிற்று.

அப்படிச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதுதான் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை. கரக்பூரில் ஒரு தம்பி இருக்கிறான் என்று தெரியும், வந்து பார்த்ததில்லை.

"அப்பாவுக்கு நெஞ்ச அடைக்கின்னு சொன்னாங்க. கேஸுன்னு நெனச்சு ஜீரகத் தண்ணி போட்டுக் குடுத்தேன். அரை மணி நேரம் போயிட்டு. அது ஹார்ட்டு. காரியத்துக்கு வந்தவங்ககிட்ட நடந்தத சொன்னேன். அதோட தம்பி பேசுறதில்ல."

"எதுக்குக்கா சொன்னீங்க? யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா. அந்த டார்ச்ச இந்தப் பக்கம் காட்டு."

காருக்கு அடியிலிருந்து சுரண்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. அப்போது எனக்கு அவர்மேல் இரக்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. தன்மேல் இவ்வளவு கறாராக இருக்கிற ஒருவர் வேறு யாரிடமும் சாய்ந்துகொள்ள முடியாது என்று தோன்றியது.

அன்றைய வேலை சரியாக வரவில்லை. ஒழுகக்கூடாது என்ற வேகத்தில் போல்ட்டுகளை இறுக்கித் தள்ளிவிட்டார். புதுப் பேக்கிங் பிதுங்கி வெளியே வந்து, முன்னைவிட நன்றாகவே சொட்டியது. உடனே முதல் மாடிக்குப் போய், "இன்னும் நிக்கல. நான் ரொம்ப முறுக்கிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பச் செய்யுறேன்" என்று ஜேட்டுவிடம் அறிவித்தார்.

ஜேட்டிமா சுவரைப் பார்த்து, "இதையும் படியேறி வந்து சொல்ல வேண்டுமா!" என்றார்.

இரண்டாம் முறை வளைந்திருந்த விளிம்பை மரக்கட்டையில் வைத்துத் தட்டிச் சமன் செய்தார். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் திருகிவிட்டு, பிறகு நடுவிலிருந்து எதிரும் புதிருமாகப் பைய இறுக்கினார். பேக்கிங்கோடு தடவிய பசை காயும்வரை வண்டியைத் தொடவில்லை. ஆயில் ஊற்றி என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். அந்த வாரம் முழுக்க அட்டை காய்ந்தே கிடந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். அக்கா, "நின்னுட்டு" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அடுத்த மழையில் கேட்டருகே தண்ணீரில் மறுபடியும் ஆயில் மிதந்தது.

அக்காவின் கார் நிற்பது பின்சுவர் ஓரம். அங்கேயிருந்து மழைத்தண்ணீரோடு ஆயில் கேட்டுக்கு வந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இப்போது அவர் வண்டி ஒழுகவில்லை. கேட்டுக்கு மிக அருகில் நிற்பது ரானாவின் கார். தெருவில் நவராத்திரி பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது அக்கா ஓர் அட்டையை அவன் கையில் கொடுத்தார்.

"உன் வண்டிக்கு அடியிலயும் ஒரு தடவை போட்டுப் பாரு, ரானா."

மறுநாள் காலை அவன் அந்த அட்டையை வெளியே எடுப்பதை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு நாலாக மடித்துத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். அன்றே மாடியேறி அக்காவிடம் வந்தான். படியிலேயே நின்று பேசியதால் எனக்கும் கேட்டது.

"திதி, பாபாகிட்ட சொல்லாதீங்க. ப்ளீஸ்."

"நான் எப்படிச் சொல்லுவேன்? அது உன்னோடது" என்றார் அக்கா.

என்னால் பொறுக்கமுடியவில்லை. அவன் போனதும் மேலே ஓடினேன். "அக்கா, நீங்க இவ்ளோ நாள் திட்டு வாங்கியிருக்கீங்க. ஜேட்டிமா மூஞ்சிய திருப்பிக்கிட்டுப் போறாங்க. நான் போய்ச் சொல்லட்டுமா?"

"ஏட்டி, என் வண்டியும் ஒழுகிச்சு. அது பொய்யில்ல."

"இருந்தாலும்..."

"நீ சொன்னா அது கோளு. அவனே சொன்னா, அதுக்கப்புறம் அவன் அப்பா மூஞ்சியப் பாக்கலாம். அத நீ ஏன் கெடுக்க?"

பூஜை வந்தது, போனது. ரானா தன் வண்டிக்கு அடியில் மரத்தூள் போட்ட ஒரு தட்டை வைத்தான், விடிந்ததும் எடுத்துவிடுவான். அக்கா வழக்கம்போல பவானிபூருக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஜேட்டிமா வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ரானா முன்பு அக்காவைப் பார்த்தால் முறைப்பான். இப்போது அவர் வரும் சத்தம் கேட்டால் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வான். இளைத்தும் போனான். எனக்கு அவனைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது, அப்புறம் பாவமாகவும் இருந்தது.

டிசம்பரில் ஒருநாள் அவனாகவே வந்து, "திதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வண்டியையும் பாப்பீங்களா?" என்று கேட்டான்.

"பாக்கலாம். நீயும் அடியில படுக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஜேட்டு இப்போது கைத்தடியோடு படி இறங்குகிற அளவுக்குத் தேறியிருந்தார். வெள்ளைச் சால்வை போர்த்தி, குரங்குக் குல்லாய் மாட்டி, முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார் ஜேட்டிமா. சரிவில் ஏறி நின்ற காருக்கு அடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜேட்டு சும்மாதான் கேட்டார். "ரானா, உன் வண்டிக்கு என்ன ஆச்சு?"

சுரண்டும் சத்தம் நின்றது. அக்கா பதில் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பழக்கமான வேலைதானே. அவர் வாய் திறக்கவில்லை. ரானாவின் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்குவது தெரிந்தது.

"ஆயில் ஒழுகுது, பாபா. ரொம்ப நாளா." பிறகு, "நீங்க விழுந்த அன்னிக்கும் ஒழுகியிருக்கு. கேட்டுகிட்ட நிக்கிறது என் வண்டிதான்" என்றான்.

ஜேட்டு கேட்டைப் பார்த்தார். "வெளியே வந்து சொல்" என்றார்.

ரானா முதுகால் தேய்த்துக்கொண்டு வெளியே வந்து எழுந்து நின்றான். நெற்றியெல்லாம் கரி. அதையே மறுபடி முழுதாகச் சொன்னான். அழுதான் என்று சொல்லமுடியாது, மூக்கை மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டான். ஜேட்டு தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

ஜேட்டிமா மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்" என்றது அக்காவின் குரல்.

"எப்போதிலிருந்து?"

"பூஜைக்கு முன்னாடிலேருந்து."

"அப்படியானால் ஏன் சொல்லவில்லை? இத்தனை நாள் நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையே! என்னைப் பாவியாக்கிவிட்டாயே! அது மட்டும் சரியா?"

அடியில் ஸ்பானரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா அதை யோசித்துப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"இல்ல, ஜேட்டிமா. அத நான் யோசிக்கல. தப்புதான்."

ஜேட்டு சிரித்துவிட்டார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. ஜேட்டிமாவுக்குக் கோபம் போகவில்லை. குனிந்தபடியே, எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு தனியாகக் கிடப்பது நல்ல பழக்கமில்லை என்று அக்காவைப் பொரிந்து தள்ளினார். பல மாதப் பேச்சு மொத்தமாக வந்தது. அக்கா கேட்டுக்கொண்டே போல்ட்டுகளை விரலால் திருகிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்தபோது ஜேட்டு எழுந்திருக்க முயன்றார். "கேட்டு வரைக்கும் போய்ப் பார்க்கிறேன்" என்றார். ரானா ஓடிவந்து அப்பாவின் தோளைச் சேர்த்துப் பிடித்தான். அவன் கையெல்லாம் ஆயில். சால்வையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. "ஐயோ, சால்வை!" என்று நான் கத்திவிட்டேன். ஜேட்டிமா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

இருவரும் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிச் சந்தைப் பக்கம் நடந்தார்கள்.